எண்ணெய் படிந்த கொப்பி

எனது புத்தக அலுமாரியில், தொல்காப்பிய உரைகளுக்கும் திறனாய்வு நூல்களுக்கும் நடுவே, எண்பது பக்கத்து அப்பியாசக் கொப்பியொன்று இருக்கிறது. அதன் அட்டையில் கறுத்த பெருவிரல் அடையாளம் ஒன்று அழியாது பதிந்து கிடக்கிறது. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, இன்று தமிழாசிரியனாகத் தொழில் செய்யும் நான், நல்ல உரைநடை எதுவென்று மாணவர்க்குச் சொல்ல வேண்டிய வேளைகளில் இப்போது அந்தக் கொப்பியையே எடுத்துப் பார்க்கிறேன். அதை எழுதியவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், லொறிச் சாரதி, என் தந்தையார்.

“ஒயில் மாற்றினேன். பழைய ஒயில் கறுப்பு. தண்ணீர் இல்லை. இரும்புத் துகள் இல்லை. பில்ற்றர் புதிது. மீற்றர் 48,310.”

இவ்வளவுதான் ஒரு நாட்குறிப்பு. இதில் தேவையற்ற சொல் ஒன்றுமில்லை. தேவையான சொல் ஒன்றும் விடுபடவுமில்லை. பார்த்ததையே எழுதியிருக்கிறார், பார்க்காததை எழுதவில்லை. இந்த ஒழுக்கத்தைக் கட்டுரை எழுதும் நம்மிற் பலர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

ஐயா ஓட்டியது யப்பானில் ஓடித் தேய்ந்தபின் இங்கு இறக்குமதியான நாலு சிலிண்டர் டீசல் லொறி. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, வன்னியில் அலைந்து, 1997இல் வவுனியாவுக்கு வந்து சேர்ந்த எங்கள் குடும்பத்துக்கு அந்த லொறியின் சுக்கானே சோறு போட்டது. லொறி ஐயாவுடையதன்று; நகரத்து முதலாளி ஒருவருடையது. மீற்றர் ஐந்து இலக்கங் கொண்டது. ஐயா கைக்கு வந்தபின் மாத்திரம் அது இருமுறை சுற்றிப் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன் எத்தனை முறை சுற்றியதென்பதை எவரும் அறியார். “கிழவன்” என்றுதான் ஐயா அந்த எஞ்சினைச் சொல்வார். கிழவனுக்குக் கோபம் வராமற் பார்த்துக்கொள்வது தனது வேலை என்பார்.

2003ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் என்னையும் ஒரு பயணத்துக்கு அழைத்துச் சென்றார். வவுனியாவிலிருந்து அரிசி ஏற்றி, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்குப் போய், திரும்பும்போது லீக்ஸும் கரட்டும் ஏற்றி வருவது வழக்கம். எனக்கு அப்போது பதினைந்து வயது. புறப்படுவதற்கு முன், இருள் பிரியாத அந்த வேளையில், ஐயா முதலிற் செய்தது டீசல் பில்ற்றரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, சிறு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் டீசலைப் பிடித்து, ரோச் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்ததுதான். அடியில் கண்ணாடிமணி போல ஒரு துளி தண்ணீர் கிடந்தது.

“இந்தத் துளிதான் தம்பி, பம்பைத் தின்னுறது” என்றார்.

அதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கியது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பதினாறு பதினெட்டு மடங்காக நெருக்க, அந்நெருக்கத்தாலேயே காற்று ஐந்நூறு பாகைக்கு மேற் சூடேறுகிறது. அந்தச் சூட்டினுள் நுண்மழையாகப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அப்படிப் பீய்ச்சும் பம்பின் உள்ளே ஓடும் உலக்கைக்கும் அதன் குழிக்கும் இடையிலுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு, இரு பங்கு என்ற அளவினது. அதற்கு மசகிடுவதும் அந்த டீசலேதான். அங்கே ஒரு துளி தண்ணீர் புகுந்தால் மசகு அறும், துரு பிடிக்கும். அதனால்தான் ஐயா இரவில் லொறியை நிறுத்துமுன் தாங்கியை நிரப்பிவிடுவார். வெறுந்தாங்கியின் காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிரில் தண்ணீராய் இறங்கும் என்பது அவருக்கு எந்த விஞ்ஞானப் புத்தகமும் சொல்லித்தந்ததன்று.

1990க்குப் பின் வடக்கில் எரிபொருட் தடை நிலவிய காலத்தில், வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை என் வயதினர் கண்டிருப்பர். மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு. அக்காலத்தில் எத்தனை பம்புகள் தேய்ந்து செத்தன என்பதை ஐயா ஒவ்வொரு வாகனமாகச் சொல்லுவார். பம்பைக் காக்கும் பாடத்தை அவர் அந்தப் பஞ்சத்திலேயே கற்றார்.

அந்தப் பயணம் முழுவதும் எனக்கு வகுப்பாகவே கழிந்தது. டீசல் எஞ்சினின் ஒயில் கறுத்துப்போவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதற்காகவே அது இருக்கிறது. கறுக்காத ஒயில்தான் தன் வேலையைச் செய்யவில்லை என்றார். ஆனால் அது பாற்றேநீர் நிறமாய் வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கோலில் மட்டம் குறைவதைப் போலவே கூடுவதும் நோய். டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. கந்தகம் மிகுந்த டீசல் எரியும்போது அமிலம் பிறக்கும். அதனை முறிக்கும் மருந்து ஒயிலில் உண்டு. அம்மருந்து தீருமுன் ஒயிலை மாற்றிவிட வேண்டும். முதலாளி பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடலாம் என்பார். ஐயா ஐயாயிரத்திலே மாற்ற வேண்டும் என்று நிற்பார். வேறொன்றிலும் அவர் முதலாளியை எதிர்த்துப் பேசி நான் கண்டதில்லை.

காற்று வடியைப் பற்றிய பாடமும் அப்படியே. வன்னியின் செம்புழுதி எஞ்சினுக்குள் புகுந்து ஒயிலோடு சேர்ந்தால், அது மசகாக இராது. அம்மியில் அரைக்கும் விழுதாகிவிடும். வளையங்களும் லைனரும் நாளுக்கு நாள் அரைபடும். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவே மாட்டார். எங்கள் பகுதிக் கிணறுகளில் கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைச் சுண்ணம் எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும். படிந்தால் சூடு வெளியேறாது. கலன்களிற் பிடித்த மழைத் தண்ணீரும் கூலண்டும் கலந்தே விடுவார். நம் நாட்டு மெக்கானிக்மாரிற் பலர் ‘வெப்ப நாட்டுக்கு இது தேவையில்லை’ என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவர். ஐயா அதை எறிய விட்டதில்லை. குளிர்ந்தபடியே ஓடும் எஞ்சினும் விரைவாய்த் தேயும் என்பது அவரது கட்சி. அவர் சொன்னது சரியென்று பின்னர் நூல்களிற் படித்தேன்.

றம்பொடை ஏற்றத்தில், அருவி தெரியும் வளைவுக்கு அப்பால், லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டார். நீண்ட திருப்புளியொன்றின் நுனியை எஞ்சினின் மூடியில் வைத்து, பிடியைத் தன் காதோடு அணைத்துக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். டிக், டிக், டிக் என்றொரு மெல்லிய தட்டல் ஒழுங்காய்க் கேட்டது.

“வால்வு தட்டுது, பழுதோ ஐயா?” என்று கேட்டேன்.

“தட்டுற வால்வு நல்ல வால்வு. சத்தம் போடாமல் இருக்குதே ஒண்டு, அதுதான் எரிஞ்சு போகும்.”

இதனை விளக்க வேண்டும். வால்வுக்கும் அதனைத் தள்ளும் கைக்கும் இடையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஒரு மில்லிமீற்றரிற் பாதிக்குங் குறைவான இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் உலோகம் நீளுமாதலால் அந்த இடைவெளி அவசியம். அது கூடினால் தட்டல் கேட்கும். ஆனால் நெடுந்தூரம் ஓடிய எஞ்சினில் வால்வு தன் இருக்கையிலே சிறிது சிறிதாய் அமிழ, இடைவெளி குறைந்துகொண்டே வரும், தட்டல் அடங்கும், எஞ்சின் இனிமையாய் ஓடுவது போலத் தோன்றும். முடிவில் வால்வு முற்றாய் மூடாது. எரியும் வாயு அந்த நுண்ணிய நீக்கலால் பாய்ந்து அதன் விளிம்பைத் தின்றுவிடும். முறையிடுவதைக் காட்டிலும் முறையிடாமற் போவதே ஆபத்து. இந்த ஒரு வாக்கியத்தை நான் ஆசிரியத்தொழிலுக்கு வந்த பிறகே முழுமையாய் உணர்ந்தேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று.

2004ஆம் ஆண்டு ஆடி மாதம் கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறது: “றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. வெளியில் ஒழுக்கு இல்லை. ஒயில் மூடியில் வெள்ளைப் படிவு. ஹெட்டைத் திறந்து கஸ்கற் மாற்ற வேண்டும். முதலாளியிடம் சொன்னேன்.” மூன்று நாள் கழித்து மீண்டும்: “முதலாளியிடம் சொன்னேன். சிறுபோக நெல் ஏற்றி முடியட்டும் என்கிறார்.” ஒரு கிழமை கழித்து மூன்றாம் முறையும் அதே வாக்கியம்.

அன்றிரவு ஐயா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உன்ர எழுத்து வடிவான எழுத்து. முதலாளிக்கு ஒரு கடிதம் எழுது. என்ன என்ன பழுது, எத்தினையாம் திகதி சொன்னனான் எண்டு வரிசையாப் போடு. ரெண்டு பிரதி எழுது. ஒண்டில அவரிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாறன்.”

எனக்கு மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை. “நாளைக்கு எழுதுறன்” என்றேன். மறுநாளும் அவர் கேட்டார். அன்றும் நாளைக்கு என்றேன். படிப்பு ஒரு சாட்டு மாத்திரமே. உண்மை வேறு. அந்தக் கடிதத்தின் அடியில் ‘லொறிச் சாரதி’ என்று எழுத வேண்டும். அதே ஆண்டில் பாடசாலைப் படிவமொன்றில், தந்தையின் தொழில் என்ற இடத்தில், ‘வர்த்தகம்’ என்று எழுதிக் கொடுத்தவன் நான். அவர் கையிலுள்ள கறுப்பு எனது வெள்ளைச் சட்டையில் ஒட்டிவிடும் என்று பயந்து, பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை மட்டும் வரச்சொன்னவன் நான். மூன்றாம் நாள் ஐயா கேட்கவில்லை. அந்தத் தட்டல் அடங்கிவிட்டது. எனக்கும் அது இனிமையாகவே இருந்தது.

ஆவணி மாதத்தில், நெல்லுச் சுமையோடு, றம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் இறுகிப்போனது. கஸ்கற் விட்டு, தண்ணீர் வற்றி, சூடேறிய பிஸ்டன்கள் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டன. ஐயா மூன்று நாள் கழித்து பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலாளி வீட்டு முற்றத்தில் விசாரணை நடந்தது. சூடு ஏறியதைப் பாராமல் ஓட்டியது சாரதியின் குற்றமென்று தீர்ப்பாயிற்று. ஐயா கொப்பியை நீட்டினார்.

“நீயே எழுதின கொப்பி. இதில என்ர கையெழுத்து எங்க கிடக்கு?” என்று அவர் கேட்டார்.

பதினான்கு மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. அந்தப் பதினான்கு மாதத்தில் நான் உயர்தரம் படிக்கத் தொடங்கினேன். அம்மாவின் காப்பு அடைவு போனது. ஐயா கொப்பி எழுதுவதை நிறுத்திவிட்டார். கடிதத்தைப் பற்றி அன்றும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் நிறைவேறியது. ஒரேயொரு தொழிலாளியை வைத்திருப்பவரும் அந்நிதிக்கு அவன் பெயரில் சம்பளத்தின் 12 வீதத்தைச் செலுத்த வேண்டும். தொழிலாளியின் பங்கு 8 வீதம். எங்கள் ஐயாவுக்கு நியமனக் கடிதமே இல்லாதபோது நிதி எங்கிருந்து வரும்? இன்றும் தனியார் லொறிகளின் சுக்கானைப் பிடித்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதே கதையைப் பலர் சொல்வர். எஞ்சினின் தேய்மானத்தை முதலாளி தன் கணக்கேட்டில் எழுதுகிறார். சாரதியின் தேய்மானம் எந்த ஏட்டிலும் இல்லை. எழுபதை நெருங்கும் ஐயாவுக்கு இப்போது வலக்காது கேட்பதில்லை, முதுகு நிமிர்வதில்லை.

1885இல் ஏங்கெல்ஸ் பதிப்பித்து வெளியிட்ட ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில், இயந்திரங்களைப் பேணுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் உழைப்பைப் பற்றி மார்க்ஸ் விரிவாக ஆராய்கிறார். இயந்திரத்தைத் துடைத்துத் துப்புரவாக்கும் வேலையைத் தொழிலாளர் தமது ஓய்வு வேளையிலே இலவசமாய்ச் செய்துவிடுவதை அங்கே அவர் சுட்டிக்காட்டுகிறார். பல்கலைக்கழக நூலகத்தில் அப்பகுதியைப் படித்தபோது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. எங்கள் வீட்டு வேலியோரம் லொறியை நிறுத்தி, விசிறிப் பட்டியைப் பெருவிரலால் அழுத்தி அதன் தளர்வை அளந்தும், காற்று வடியைத் தட்டியும், பற்றரியின் முனைகளைச் சுடுதண்ணீரால் கழுவியும் ஐயா செலவிட்ட ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றுக்கு எவரும் சம்பளம் தரவில்லை. அவை எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளுமாகும்.

இந்த எஞ்சினுக்குத் தன் பெயரைத் தந்த ருடோல்வ் டீசல், 1897இல் அதனை வெற்றிகரமாய் ஓட்டிக்காட்டியவர், 1903இல் தொழிலாளரின் கூட்டுறவு வாழ்வைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பெரு முதலாளிகளின் நீராவி இயந்திரங்களுக்கு எதிரே சிறு தொழிலாளியும் தன்னுடையதாய் வைத்துக்கொள்ளத்தக்க இயந்திரம் ஒன்று வேண்டும் என்பது அவரது கனவுகளில் ஒன்று. கனவு ஒரு வழியும் எஞ்சின் வேறு வழியும் போயின.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேயே அது மீண்டும் பரவலாகத் திறந்தது. இடையில் 2022 வந்தது. டீசல் வரிசையில் லொறிகள் நாட்கணக்கிற் கிடந்தன. ஒயிலின் விலை ஏறியது, உதிரிப்பாகங்கள் அகப்படவில்லை. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டின் அரிசியையும் மரக்கறியையும் சுமந்தவை பல இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பழைய எஞ்சின்களே. அவற்றை ஓடவைத்தவர்கள் ஐயாவைப் போன்றவர்கள். அவர்களுடைய அறிவை நமது பாடத்திட்டம் அறிவென்று எண்ணுவதில்லை.

நானும் எண்ணவில்லை. 2022ஆம் ஆண்டின் கடைசித் தவணையில் பத்தாம் வகுப்புக்கு ‘நான் அறிந்த ஒரு தொழில்’ என்று கட்டுரை கொடுத்தேன். கடைசி வாங்கில் ஒரு மாணவன் இருந்தான். முன்னர் ஓயாமல் கேள்வி கேட்டவன். அந்தத் தவணையில் வாய் திறக்கவில்லை. அவன் திருந்திவிட்டான் என்று ஆசிரியர் அறையில் மகிழ்ந்து பேசிக்கொண்டோம். மாலை வேளைகளில் அவன் ஒரு லொறிக் கராஜில் வேலை செய்கிறான் என்பதோ, வீட்டில் ஒருவேளைச் சோறே சமைக்கப்பட்டது என்பதோ எங்களுக்குத் தெரியாது. ஏனையோர் உழவரைப் போற்றியும் ஆசிரியரை வாழ்த்தியும் எழுதியிருக்க, அவன் காற்று வடியைத் துப்புரவாக்கும் முறையை மூன்று பக்கம் எழுதியிருந்தான். பிறமொழிச் சொற்கள், சந்திப் பிழைகள். சிவப்புப் பேனையால் நாற்பதுக்குக் கீழே புள்ளியிட்டேன். பிறகு, ஏனென்று சொல்லத் தெரியவில்லை, மறுபடி படித்தேன். தேவையற்ற சொல் ஒன்றுமில்லை. பார்த்ததையே எழுதியிருந்தான்.

அன்று மாலை அந்தத் தாள்களை ஐயாவுக்கு உரத்து வாசித்தேன், இடக்காதின் பக்கம் அமர்ந்து. முடியும்வரை அசையாதிருந்து கேட்டார்.

“பெடியன் வேலை தெரிஞ்சவன். ஒரு பிழை. காத்தை வெளியிலயிருந்து அடிக்கக்கூடாது. புழுதி இன்னும் உள்ளுக்குப் போய் இறுகும். உள்ளுக்கயிருந்து வெளியில அடிக்கச் சொல்லு. இதைச் சொல்லிக் குடுக்க ஆளில்லையே அவனுக்கு?”

மறுநாள் புள்ளியை வெட்டி எழுபத்தைந்தாக்கி, ஐயா சொன்ன திருத்தத்தையும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் புள்ளியைப் பார்க்கவில்லை, திருத்தத்தைத்தான் பார்த்தான். “இது யார் சேர் சொன்னது?” என்றான். “என் தகப்பனார். லொறிச் சாரதி” என்றேன். அந்தச் சொற்களை வகுப்பறையில் நான் சொன்னது அதுவே முதன்முறை. அவன் அதன்பிறகு சில சனிக்கிழமைகள் எங்கள் வீட்டுக்கு வந்து ஐயாவிடம் கேள்விகள் கேட்டான். சாதாரண தரத்தில் அவன் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்துவிட்டான் என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன், கணிதத்தில் தவறினான். ஆனால் பரீட்சைக்கு வந்தான். எங்கள் பாடசாலையில் அந்த ஆண்டில் வராமலே போனவர்களும் இருந்தார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வகுப்பில் திடீரென அமைதியாகிவிட்ட பிள்ளை யாரென்று தவணையின் முதற்கிழமையிலே பாருங்கள். முறிந்த பின் பார்ப்பதற்கு ஆகும் செலவு பன்மடங்கு. மற்றையது எழுத்தறிவைப் பற்றியது. தொழிலாளி தன் இயந்திரத்தின் பழுதை எழுதிக் கொடுக்கவும், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தைக் கேட்டு வாங்கவும் வல்லவனாக வேண்டும். நம் மொழிப் பாடத்தில் வாழ்த்துமடலும் வரவேற்புரையும் எழுதப் பழக்குகிறோம். இந்தக் கடிதத்தையும் பழக்குவோம். எங்கள் பாடசாலையில் நான் இப்போது ஒவ்வோர் ஆண்டும் அதைப் பழக்குகிறேன்: திகதி, பழுது, சொன்ன நாட்கள், இரண்டு பிரதி, கையெழுத்து.

சென்ற மாதம் ஐயா அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். 2004இல் நின்றுபோன பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், நடுங்கும் எழுத்தில், எனது பழைய மோட்டார்ச் சைக்கிளின் மீற்றரைப் பார்த்து எழுதியிருக்கிறார்: “ஒயில் மாற்ற வேண்டும். தம்பியிடம் சொன்னேன்.”

அன்றே மாற்றினேன்.